சூடானால் எடுக்காத வண்டி

காரின் அடியில் அவள் மல்லாந்து கிடந்தாள். வெளியே தெரிந்தது இரண்டு கால்களும் ஒரு கையும்தான். அந்தக் கை ஸ்பேனருக்காகத் தரையைத் தடவிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. பெயிண்டர் ஓடிப்போய்க் கம்ப்ரஸரை அணைத்தான். முதலாளி பேசிக்கொண்டிருந்த வாடிக்கையாளரைக் கையமர்த்திவிட்டு ரேடியோவின் வாயை மூடினார்.

"காது, வெளிய வா. உன் வீட்டுக்காரர் வண்டி கூப்பிடுது" என்றான் பெயிண்டர்.

அந்த ஒர்க்‌ஷாப்பில் அவளுக்குக் காது என்றுதான் பெயர். தெருமுனையில் திரும்பும்போதே எந்த வண்டிக்கு எந்த பேரிங் போயிருக்கிறது என்று சொல்லிவிடுவாள் என்பதால் முதலாளி வைத்த பெயர் அது. அவள் எண்ணெய்க் கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.

"என்னங்க, இன்னிக்கு எப்படி இருக்கு?"

"எப்படி இருக்கும்? காலையில மூக்கால அழுதுகிட்டே எடுத்துச்சு. மத்தியானம் இன்ஜினியர்கள எறக்கிவிட்டுட்டு நிறுத்தினேன். அவ்வளவுதான், திரும்ப எடுக்கல. வெயில்ல நின்னு தள்ளினேன். இன்ஜினியருங்க குடைய விரிச்சுகிட்டு வேடிக்கை பாத்தாங்க."

"சாப்பிட்டீங்களா?"

"முதல்ல வண்டியக் கேளு. சிக்னல் போயிடப் போகுது."

அவள் கணவன் வெகுதொலைவில், மலையைக் குடைந்து பாதை போடும் ஓர் இடத்தில் டிரைவர். கேம்பிலிருந்து சுரங்க வாசலுக்கு ஆட்களை ஏற்றிப்போய்த் திரும்பக் கொண்டுவருவது அவன் வேலை. தலைமை அலுவலகத்தில் யாரோ பெரியவர் ஓட்டித் தேய்த்த பழைய பெட்ரோல் காரை, இஞ்செக்ஷன் வண்டி, பிக்கப் பிரமாதம் என்று சொல்லி அவன் தலையில் கட்டியிருந்தார்கள். பிக்கப் இருக்கட்டும், முதலில் ஸ்டார்ட் ஆனால் போதும் என்று அவன் வேண்டிக்கொள்ளாத நாளில்லை. அங்கே சிக்னல் சத்தத்துக்குத்தான் தாங்கும், முகம் பார்த்துப் பேச வழியில்லை. அதனால் தினமும் சாயந்திரம் அவன் போனை என்ஜின் பக்கம் பிடிப்பான். இவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பாள். கல்யாணமான புதிதில்கூட இருவரும் இத்தனை ஒழுங்காகத் தினமும் பேசியதில்லை.

லீவுதான் விஷயம். அவன் லீவில் வர வேண்டுமானால் வண்டியை மாற்று டிரைவரிடம் நல்ல நிலையில் ஒப்படைக்க வேண்டும். அது அந்தக் கம்பெனியின் சட்டம். மாற்று டிரைவர் ஒருமுறை வந்தார். ஓட்டிப் பார்த்தார். பாதி மலையில் நிறுத்தி, திரும்ப எடுக்க முடியாமல் நடந்தே கேம்புக்கு வந்து சாவியை மேஜைமேல் எறிந்தார். 'இந்தச் சனியனைத் தொட்டா நான் மனுஷனே இல்ல' என்று அவர் போய்விட, அவன் கட்டிவைத்த பையைத் திரும்பப் பிரித்தான். கம்பெனி வைத்திருந்த மெக்கானிக் லாரி பார்க்கிறவர். இதில் ஏகப்பட்ட ஒயர் போகிறது, நமக்கு ஒத்துவராது என்று பானட்டை மூடிக் கையைக் கழுவிவிட்டார். "வண்டி சரியாகட்டும், அன்னைக்கே நீ கிளம்பு. நான் தடுத்தா கேளு" என்று சூப்பர்வைசர் சொன்னதைத்தான் புருஷனும் பெண்டாட்டியும் பிடித்துக்கொண்டு தொங்கினார்கள்.

அவன் கடைசியாக வந்துபோனபோது மகளுக்கு ஒரு முன்பல் ஆடிக்கொண்டிருந்தது. 'நான் வந்தப்புறம்தான் விழணும், சரியா?' என்று அந்தப் பல்லிடமே சொல்லிவிட்டுப் போயிருந்தான். பல் என்ன செய்யும், விழுந்துவிட்டது. இப்போது அந்த இடத்தில் புதுப்பல் பாதி முளைத்து நின்றது. அதைப் பார்க்கும்போதெல்லாம், குழந்தை வளர்வதைப் பார்த்துப் பயப்படுகிற தாய் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன் என்று நினைத்துக்கொள்வாள்.

"செல்ஃப் அடிக்காதீங்க. சாவிய மட்டும் ஆன் பண்ணுங்க. போன எடுத்துப் பின் சீட்டுக்குக் கீழ வைங்க" என்றாள்.

போனில் மெல்லிய ர்ர்ர் என்ற சத்தம் கேட்டு நின்றது. பெட்ரோல் பம்ப் உயிரோடுதான் இருந்தது.

"பம்ப் நல்லா இருக்கு. காலையில எடுக்கிறப்ப சாவிய ரெண்டு மூணு தடவை ஆன் பண்ணி ஆஃப் பண்ணிட்டு அப்புறம் செல்ஃப் அடிங்க. ராத்திரியில பெட்ரோல் பின்னாடி இறங்கிடுது போல. இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க."

ஒரு நீண்ட இழுவைக்குப் பிறகு என்ஜின் பிடித்தது. நின்ற இடத்திலேயே அதன் சத்தம் ஏறியது, இறங்கியது, சாகப்போய்ப் பிழைத்தது. ஒர்க்‌ஷாப்பில் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார்கள். வாடிக்கையாளர்கூடத் தன் வண்டியை மறந்துவிட்டார்.

"பிளக்கு" என்றார் முதலாளி.

"ஆஸ்துமா. என் மாமனாருக்கு இதே சத்தம்" என்றான் பெயிண்டர்.

"சும்மா இருங்க ரெண்டு பேரும்." அவள் போனைக் காதோடு அழுத்தினாள். ஏற்ற இறக்கத்துக்கு நடுவே ஏதோ சீறிக்கொண்டிருந்தது. "எங்கயோ காத்து இழுக்குதுங்க. ஒரு பாட்டில்ல தண்ணி எடுத்து, மூடியில ஓட்ட போட்டு, ரப்பர் ஹோஸ் ஒவ்வொண்ணு மேலயும் கொஞ்சம் கொஞ்சமா பீச்சுங்க. சூடான சைலன்சர் பைப்புல படாம பாத்துக்கோங்க. எங்க பீச்சும்போது சத்தம் மாறுதோ அங்கதான்."

அன்று இருட்டும்வரை பீச்சியும் கிடைக்கவில்லை. மறுநாளும் இல்லை. அதற்கடுத்த நாள் அவன் என்ஜினுக்குப் பின்னால், கை நுழையாத ஓர் இடத்தில் பீச்சியபோது சீறல் அடங்கி என்ஜின் ஒரு கணம் சமத்தாக ஓடியது. இவள் துள்ளிக் குதித்ததில் காலடியில் இருந்த ஆயில் டப்பா கவிழ்ந்தது. ஹோஸ் வளைவில் ஒரு வெடிப்பு. கீழிருந்து பார்த்தால் தெரியாது. அவன் லாரி ஷெட்டில் கெஞ்சி ஒரு துண்டு ஹோஸ் வாங்கி வெட்டி, இரண்டு பக்கமும் கிளாம்ப் போட்டு முறுக்கினான். அவன் முறுக்கும்போது விடும் மூச்சு போனில் அவளுக்குக் கேட்டது. அந்த மூச்சு கழுத்தில் பட்டுக் கேட்ட நாட்கள் ஞாபகம் வந்து, எல்லோர் முன்னாலும் முகம் சூடாகி, தரையில் கொட்டிய ஆயிலைத் துடைக்கிற சாக்கில் குனிந்துகொண்டாள்.

உதறல் போய்விட்டது. ஆனால் சூடாக நிறுத்தினால் எடுக்காத வியாதி போகவில்லை.

"அரை மணி விட்டா எடுக்குது. ஆறட்டும்னு உக்காந்திருக்கேன். இன்ஜினியருங்க என்னை மொறைக்கிறாங்க, நான் வண்டிய மொறைக்கிறேன்."

"இப்ப சூடா இருக்கா?"

"தொட முடியல."

"செல்ஃப் அடிங்க. அடிக்கும்போது ஆர்.பி.எம். முள்ளப் பாருங்க. அசையுதா?"

செல்ஃப் மோட்டார் சுற்றும் சத்தம் வந்தது. "அசையல. செத்த முள்ளு மாதிரி கிடக்கு."

"காலையில அடிக்கும்போது?"

"காலையில..." அவன் யோசித்தான். "காலையில லேசா துள்ளும். ஆமா, துள்ளும்."

அவள் முதலாளியைப் பார்த்தாள். முதலாளி புருவத்தைத் தூக்கினார். என்ஜின் சுற்றுகிறதா என்று பார்த்துச் சொல்வதற்கு ஒரு சின்ன சென்சார் உண்டு. அது சொன்னால்தான் பெட்ரோலும் வரும், ஸ்பார்க்கும் வரும். சூட்டில் அது வாயடைத்துப் போகிறது; ஆறினால் பேசுகிறது.

"என்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ற இடத்துல, ஒரு ஒத்த போல்ட்டு போட்டு, ஒயர் ஒண்ணு போகும். கட்டவிரல் சைசுக்கு இருக்கும். தெரியுதா?"

"தெரியுது."

"துணிய நனைச்சு அது மேல போடுங்க. மேல தண்ணி விட்டுகிட்டே இருங்க."

"குடிக்கிற தண்ணிதான் இருக்கு."

"அதையே ஊத்துங்க."

போனில் தண்ணீர் கொட்டும் சத்தமும் சூடான இரும்பு புஸ்ஸென்று பெருமூச்சு விடுவதும் கேட்டன. வெகுநேரம் ஒன்றும் இல்லை. சிக்னல் போய்விட்டதோ என்று அவள் போனை ஒருமுறை எடுத்துப் பார்த்துக்கொண்டாள். பிறகு செல்ஃப் சுற்றியது, ஒரே மூச்சில் என்ஜின் பிடித்தது.

"எடுத்துடுச்சு! ஏய், எடுத்துடுச்சுடி!" அவன் கத்தியதில் போன் கரகரத்தது. பெயிண்டர் தகர டப்பாவைத் தட்டி ஆட ஆரம்பித்தான். அவள் சிரித்துக்கொண்டே நின்றாள், கண்ணிலிருந்து தண்ணீர் அதுபாட்டுக்கு வந்தது.

ஒர்க்‌ஷாப்பின் பின்பக்கம் அதே மாடல் கார் ஒன்று, முன்பக்கம் நசுங்கி, செடி முளைத்துக் கிடந்தது. "இதுல இருக்கிற சென்சாரக் கழட்டிக்கோ. உன் புருஷன் வந்ததும் இங்க கூட்டிட்டு வா. இத்தனை நாள் சத்தத்த மட்டும் கேட்டாச்சு, ஆளையும் பாப்போம்" என்றார் முதலாளி.

கழற்றிவிட்டாள். ஆனால் பழைய சென்சாரை நம்பி எப்படி அனுப்புவது? இதுவும் சூட்டில் சுருண்டுகொண்டால் மறுபடியும் முதலிலிருந்து. வீட்டுக்குக் கொண்டுபோய்ப் பிளாஸ்டிக் கவரில் இறுகக் கட்டி, ஒயர் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும்படி, கொதிக்கிற தண்ணீர்ப் பாத்திரத்தில் தொங்கவிட்டாள். ஒயரில் மீட்டரை மாட்டிவிட்டு அடுப்பின் முன் குத்தவைத்து உட்கார்ந்தாள்.

மகள் வந்து எட்டிப் பார்த்தாள். "என்னம்மா சமைக்கிற?"

"அப்பாவ."

"வெந்துட்டாரா?"

"இரு, பாத்துச் சொல்றேன்." மீட்டரில் எண் மெல்ல ஏறி, ஓர் இடத்தில் நின்று, அங்கேயே உட்கார்ந்தது. தண்ணீர் பாதியாக வற்றும்வரை பார்த்தாள். அசையவில்லை; சூட்டைத் தாங்கிவிட்டது. "வந்துடுவாரு" என்றாள்.

சென்சாரைச் சுற்றி அனுப்ப மெத்தென்று ஏதாவது வேண்டியிருந்தது. பீரோவில் மகளின் பழைய கவுன் ஒன்று கிடந்தது. அவன் போன லீவில் வாங்கித் தந்தது; இப்போது மகளுக்கு இறுக்கிப் பிடித்தது. அதில் சுற்றி, அந்தப் பக்கம் போகும் சிமெண்ட் லாரி டிரைவரிடம் கொடுத்தனுப்பினாள். கணவன் பார்சலைப் பிரித்த அன்று போனில் முதலில் வண்டியைப் பற்றிப் பேசவில்லை.

"இந்தக் கவுனு..." என்றான்.

"சின்னதாயிடுச்சுங்க."

"முழங்காலுக்குக் கீழ இருக்குமே அவளுக்கு. பெருசா வாங்கிட்டேன்னு நீ திட்டின."

"இப்ப முழங்காலுக்கு மேல ஏறிடுச்சு."

போனில் துணி மடிக்கும் சலசலப்பு கேட்டது. பிறகு அவன், "சரி, பத்தாம் நம்பர் ஸ்பேனர்தானே?" என்று கேட்டான்.

மாட்டியபிறகு வண்டி மலை ஏறியது, இறங்கியது. உச்சி வெயிலில் நிறுத்தி உடனே எடுத்தாலும் எடுத்தது. மாற்று டிரைவரை ஆள்விட்டு அழைத்தார்கள். அவர் நம்பாமல் நம்பாமல் ஓட்டிப் பார்த்து, நடுமலையில் வேண்டுமென்றே நிறுத்தி, சாவியைத் திருகி, "இது அந்த வண்டிதானா?" என்று நம்பர் பிளேட்டைப் போய்ப் பார்த்தாராம்.

"சூப்பர்வைசர் கேட்டாரா, யாரு பண்ணினதுன்னு?" என்று அவள் கேட்டாள்.

"இன்னும் இல்ல. கேட்டா, என் வீட்டுக்காரி போன்லயே பண்ணிட்டான்னு சொல்லப்போறேன். ஊரே வாயப் பொளக்கட்டும்."

"ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க. நீங்களே பண்ணதா சொல்லுங்க."

"எதுக்கு? நீ பண்ண வேலைக்கு நான் பேரு வாங்கணுமா?"

"சொல்றதக் கேளுங்க. பொண்டாட்டி சொன்னான்னா சிரிப்பாங்க. நீங்களா பண்ணதுன்னா நல்ல பேரு வரும். நல்ல பேரு இருந்தா லீவு கேக்கும்போது மூஞ்சிய திருப்ப மாட்டாங்க. எனக்கு எதுக்குப் பேரு? எனக்கு நீங்க வந்தா போதும்."

அவன் அப்படியே சொன்னான். சூப்பர்வைசர் தோளில் தட்டி, 'அட, நீயேவா!' என்று நாற்காலியைக் காட்டி உட்காரச் சொன்னாராம். அந்த அலுவலகத்தில் அவன் உட்கார்ந்தது அதுதான் முதல்முறை. வாரக்கடைசியில் கிளம்பு என்றும் சொல்லிவிட்டார்கள்.

அந்த வாரம் அவளுக்கு ஸ்பேனர் கையில் நிற்கவில்லை. வீட்டை இரண்டுமுறை கழுவினாள். தலையணை உறையைத் துவைத்து வெயிலில் போட்டாள். அவன் படுக்கும் பக்கத்தில் இத்தனை நாளாகக் குவித்துவைத்திருந்த மடிக்காத துணிகளை எடுத்துவிட்டு, வெறும் இடத்தைக் கையால் தடவிப் பார்த்துக்கொண்டாள். கை விஷயம்தான் பெரும்பாடாக இருந்தது. நகக்கண்ணில் வருஷக்கணக்காக ஏறிய கறுப்பு. மண்ணெண்ணெயில் ஊறவைத்து, சோப்புத்தூள் போட்டு, பழைய பல் பிரஷ்ஷால் தோல் சிவக்கத் தேய்த்தாள். அவன் கையைப் பிடிக்கும்போது கிரீஸ் வாடை அடிக்கக் கூடாது. ஒவ்வொரு தடவையும் அடித்திருக்கிறது, அவன் ஒருநாளும் சொன்னதில்லை, இருந்தாலும் இந்தத் தடவை கூடாது.

அன்றைக்கு அவளுக்கு வேலை கிடையாது என்று முதலாளி சொல்லிவிட்டார். ஆனால் பஸ் ஸ்டாண்டுக்கு ஒர்க்‌ஷாப் வழியாகத்தான் போக வேண்டும். மகளைக் கையில் பிடித்துக்கொண்டு, நல்ல புடவையில், அவள் வாசலில் வந்து நின்றதும் பெயிண்டர் விசிலடித்தான்.

"யாரும்மா இது? காதக் காணோமே! கையெல்லாம் வெள்ளையா இருக்கு, டாக்டரம்மாவா?"

"போடா."

மகள் வாயைத் திறந்து பெயிண்டரிடம் புதுப்பல்லைக் காட்டினாள். "இத அப்பாகிட்ட நான்தான் காட்டுவேன். அம்மா சொல்லிட மாட்டா."

போன் அடித்தது. பெயிண்டர் பழக்க தோஷத்தில் ஓடிப்போய்க் கம்ப்ரஸரை அணைத்தான். அணைத்தபிறகுதான், இன்றைக்கு எதற்கு என்று தலையைச் சொறிந்துகொண்டான்.

"எங்க வந்துட்டிருக்கீங்க?" என்றாள்.

பஸ் சத்தம் எதுவும் கேட்கவில்லை. காற்று தகரக் கூரையில் அடிக்கிற சத்தம்தான் கேட்டது.

"கிளம்பலம்மா."

"பஸ்ஸ விட்டுட்டீங்களா?"

"விடல." அவன் நிறுத்தி நிறுத்திச் சொன்னான். "காலையில பையோட போய் நின்னேன். சூப்பர்வைசர் உக்காருன்னாரு. லாரி மெக்கானிக்க நிறுத்திட்டாங்களாம். நீதான் இருக்கியே, அவருக்கு எதுக்கு வெட்டியா குடுக்கணும்னாரு. மாத்து டிரைவருக்கு என் வண்டியக் குடுத்துட்டாங்க. அவரு ஓட்டிட்டுப் போயிட்டாரு. நல்லா போகுது வண்டி."

"உங்க லீவு?"

"இருக்காம். இப்ப இல்லையாம். நீ போயிட்டா யாரு பாக்குறதுங்கிறாரு. சம்பளம் அதேதான். ஆனா நல்ல பேரு இருக்காம்."

அவள் பக்கத்தில் நின்ற காரின் கதவைப் பிடித்துக்கொண்டாள். முதலாளி என்னவென்று கண்ணால் கேட்டார். அவள் பார்க்கவில்லை.

"நீங்க பண்ணலன்னு சொல்லுங்க. நான்தான் சொன்னேன்னு சொல்லுங்க. போன்ல நான் சொன்னதுதான்னு, உங்களுக்கு ஒண்ணும் தெரியாதுன்னு, இப்பவே போய்ச் சொல்லுங்க!"

"சொல்லிட்டேன்."

"என்ன சொன்னாரு?"

"சிரிச்சாரு." காற்று தகரத்தை ஒருமுறை தூக்கிப் போட்டது. "'அப்ப இன்னும் நல்லதாப் போச்சு. ரெண்டு பேருமா சேர்ந்து பாருங்க, அதான் போன் இருக்கே'ன்னாரு."

மகள் அவள் முந்தானையை இழுத்து, போனைக் கொடு என்று கையை நீட்டினாள். கொடுக்கவில்லை. கொடுத்தால் அவன் அழுதுவிடுவான் என்று அவளுக்குத் தெரிந்தது.

"மூணு வண்டி கொண்டாந்து நிறுத்தியிருக்காங்க" என்றான் அவன். "எல்லாம் நம்ம வண்டி மாதிரி பழசுதான். நாளைக்குக் காலையில ஒண்ணாவது ஓடணுமாம். இருட்டுறதுக்குள்ள பாக்கணும். நீ வேணா வீட்டுக்குப் போ. நான் எப்படியாவது..."

எப்படியாவது என்பதற்கு மேல் அவனுக்கு ஒன்றும் தெரியாது. ஒரு கதவு திறந்து மூடியது. சாவி திரும்பியது. செல்ஃப் மோட்டார் சுற்றிச் சுற்றி, தளர்ந்து, நின்றது. மறுபடி சுற்றியது. கேட்கக் கூடாது என்றுதான் அவள் நினைத்தாள். ஆனால் காது கேட்டுவிட்டது: செல்ஃபுக்கு முன்னால் வரவேண்டிய, பெட்ரோல் பம்பின் அந்த மெல்லிய ர்ர்ர் வரவில்லை.

சிவக்கத் தேய்த்த விரல்களால் அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

"செல்ஃப் அடிக்காதீங்க, பேட்டரி இறங்கிடும்" என்றாள். "போன எடுத்துப் பின் சீட்டுக்குக் கீழ வைங்க. சாவிய மட்டும் ஆன் பண்ணுங்க."